மத்தியஸ்தர் என்று எழுதுங்கள்

தொழில் என்ற இடத்தில் 'தரகர்' என்று எழுதியிருக்கிறீர்கள், இன்ஸ்பெக்டர் ஐயா. அதை அடித்துவிட்டு 'மத்தியஸ்தர்' என்று எழுதுங்கள். மற்றதெல்லாம் சரி. பெயர் ஜம்புலிங்கம், வயது ஐம்பத்திரண்டு, ஊர் செங்கல்பட்டு. நான் சொல்வதை வார்த்தை மாறாமல் எழுதிக்கொண்டால் கையெழுத்துப் போடுகிறேன். ஒரு வார்த்தை மாறினால் என்ன ஆகும் என்று என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் இந்த ஜில்லாவில் இருக்க முடியாது.

தரகன் என்ற சொல்லோடு எனக்குப் பழைய பகை. என் அப்பா மாட்டுத் தரகர். சந்தையில் விற்கிறவன் கையையும் வாங்குகிறவன் கையையும் துண்டுக்கு அடியில் பிடித்து, விரலாலேயே விலை பேசி முடிப்பார். பேச்சு முடிகிறவரை இரண்டு பேருக்கும் அவர்தான் தெய்வம். மறுநாள் மாடு உதைத்தால் அவர் திருடன். பள்ளிக்கூடத்தில் என்னை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மாட்டுத் தரகன் மகன் என்பார்கள். நான் மாட்டை விட்டுவிட்டு மனையும் கல்யாணமும் பேச ஆரம்பித்தேன். மனை பேசினால் புரோக்கர் என்றார்கள். கல்யாணம் பேசப் போன வீட்டில் எதிரே இருக்கும்போது ஐயா, படியிறங்கியதும் மாமா. அந்த மாமாவுக்கு என்ன அர்த்தம் என்று ஸ்டேஷனில் விளக்க வேண்டியதில்லை. சேதி கொண்டுபோனால் கோள்மூட்டி. இரண்டு பேருக்கு நடுவில் நிற்கிறவனுக்குத் தமிழில் இருபது பெயர் இருக்கும், ஐயா. அதில் பதினெட்டு வசவு. மிச்சம் இரண்டில், தூதன் என்பதைச் சாமிக்குக் கொடுத்துவிட்டார்கள். மனிதனுக்கு இருப்பது மத்தியஸ்தர் ஒன்றுதான்.

அது எனக்கு ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தெட்டில் கிடைத்தது.

திருவிடந்தைக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவே அந்த இரண்டு குப்பங்களும் இருக்கின்றன. வடக்குக் குப்பம், தெற்குக் குப்பம் என்றே சொல்கிறேன். நடுவில் ஒரு சவுக்குத்தோப்பு. தோப்புக்கு எதிரே உள்ள கரையில் பெரிய வலை இழுக்கிற உரிமை யாருக்கு என்று சண்டை வந்து, தெற்கில் சின்னையன் என்பவன் துடுப்பால் அடிபட்டுச் செத்துப்போனான். யார் அடித்தது என்று கோர்ட்டில் நிரூபிக்க முடியவில்லை. அன்றிலிருந்து இரண்டு குப்பத்துக்கும் ஒரே கட்டுப்பாடு: அவர்கள் மண்ணை இவர்கள் மிதிக்கக் கூடாது, முகம் பார்த்துப் பேசக் கூடாது.

செங்கல்பட்டில் ஓர் அதிகாரி சமாதானக் கூட்டம் போட்டார். இரண்டு தரப்பும் ஒரே அறையில் உட்கார மாட்டோம் என்றார்கள். நான் வேறொரு பத்திர விஷயமாக வராந்தாவில் நின்றுகொண்டிருந்தேன். அதிகாரி என்னைக் கூப்பிட்டு, இந்த அறையில் சொல்வதை அந்த அறையில் போய்ச் சொல்லுங்கள், உங்களுக்கு எந்தப் பக்கமும் இல்லையே என்றார். சாயங்காலத்துக்குள் முடித்துக் கொடுத்தேன். ஒரு நாள் வடக்குக்குக் கரை, மறுநாள் தெற்குக்கு. இனி எந்தப் பேச்சானாலும் என் வாய் வழியாகத்தான். காகிதத்தில் மத்தியஸ்தர் என்று டைப் அடித்து, கீழே என் பெயரைப் போட்டார்கள். அதற்காக ஒரு பைசா தரகு வாங்கியதில்லை. எனக்கு மீன் வாசம் ஒத்துக்கொள்ளாது. ஆனாலும் ஏழு வருஷம் அந்த மணலில் நடந்தேன்.

வடக்குக்குத் தலைவன் சடையன். நிதானமான ஆள், சிரித்த முகம். தெற்குக்குத் தலைவன் காத்தவராயன், செத்த சின்னையனின் அண்ணன். கோபம் முன்னால் வரும், ஆள் பின்னால் வருவான். ஒருமுறை வடக்குக்காரர்களின் வலை தெரியாமல் தெற்குக்காரர்கள் நாளில் கிடந்துவிட்டது. காத்தவராயன் என்னிடம் சொன்னான்: "அந்த நாயி இந்தப் பக்கம் வந்தா காலை ஒடிச்சி அடுப்புல வெச்சிடுவேன்னு சொல்லு." நான் சடையனிடம் போய், காத்தவராயனுக்கு மனசு கஷ்டம், ஒரு வாரம் கரையை விட்டுக்கொடுத்தால் ஆறிவிடும் என்றேன். சடையன், மன்னிப்பெல்லாம் கேட்க முடியாது, வேண்டுமானால் இரண்டு நாள் விடுகிறேன் என்றான். நான் திரும்பிப் போய், சடையன் மன்னிப்புக் கேட்டு இரண்டு நாள் கரையை விட்டுவிட்டான் என்றேன். அன்று இருபது பேர் மண்டை தப்பியது. ஒருவனும் வந்து, வார்த்தையை ஏன் மாற்றினாய் என்று என்னிடம் வாக்குமூலம் கேட்கவில்லை. இதைக் குறித்துக்கொள்ளுங்கள். பொய் சமாதானத்துக்குப் போனபோது அதற்குச் சாதுரியம் என்று பெயர் வைத்தார்கள்.

அந்த நாட்களில் நான் தோப்பைத் தாண்டி வந்தால் வடக்கில் நாற்காலி வரும். குப்பத்துக்கே ஒரு நாற்காலிதான், கூட்டுறவுச் சங்கத்துடையது. துடைத்துப் போடுவார்கள். தெற்கில் கயிற்றுக் கட்டில், மேலே புதுப் பாய். நான் உட்கார்ந்த பிறகுதான் மற்றவர்கள் மணலில் உட்காருவார்கள். சடையன் மகள் வச்சலாவுக்கு மாப்பிள்ளை பார்க்க வேண்டும் என்றபோது, கோவளத்துக்குப் பக்கத்தில் செல்வராஜ் என்ற பையனைப் பேசி முடித்ததும் நான்தான். தங்கமான பையன். மாமனாரோடேயே தொழிலுக்குப் போனான்.

பிறகு இரண்டு மூன்று வருஷம் அமைதி. அமைதி என்றால் உங்களுக்கு நல்லது, எனக்கு என்ன என்று யாராவது யோசித்தார்களா? எழுபத்திரண்டில் ஒரு நாள் வடக்குக்குப் போனேன். சடையன் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தான். தலையைத் தூக்காமல், "வா அண்ணாத்த, குந்து" என்று மணலைக் காட்டினான். நாற்காலி சங்கத்தில் இருந்தது. எடுத்துவர யாருக்கும் தோன்றவில்லை. நான் வெள்ளை வேட்டியோடு மணலில் உட்கார்ந்தேன்.

திரும்பும் வழியில் காத்தவராயனிடம் ஒன்றுதான் சொன்னேன். உன் தம்பி விழுந்த இடத்தில் சடையன் ஆட்கள் வலை காயப்போடுகிறார்கள் என்று. அது பொய் இல்லை. அந்தக் கரை முழுக்க வலைதான் காய்கிறது. மூன்றாம் நாள் இரண்டு குப்பத்திலிருந்தும் எனக்கு ஆள் வந்தது. நான் போய்ப் பேசி ஆற்றினேன். நாற்காலி வந்தது.

வருஷத்துக்கு இரண்டு முறை, அதிகம் போனால் மூன்று முறை. அதற்கு மேல் நான் செய்ததில்லை. ஒவ்வொன்றையும் நானே அணைத்தேன். எங்கே பற்றும் என்று தெரிந்தவன் கையில் நெருப்பு இருப்பதுதான் ஊருக்குப் பத்திரம். அந்த ஏழு வருஷத்தில் ஓர் உயிர் போகவில்லை. உங்கள் ரிக்கார்டையே பாருங்கள்.

கெடுத்தது பெண்கள்.

கட்டுப்பாடு குப்பத்து மண்ணுக்குத்தானே, கேளம்பாக்கம் சந்தைக்குக் கிடையாதே. அங்கே சின்னையனின் விதவை ஆதியம்மாளும் சடையன் மனைவி ஜெகதாம்பாளும் வருஷக்கணக்காக நாலு கூடை தள்ளி உட்கார்ந்து மீன் விற்றிருக்கிறார்கள். ஒரு வெயில் நாளில் ஆதியம்மாள் மயங்கி விழ, ஜெகதாம்பாள் தலையைத் தூக்கித் தண்ணீர் கொடுத்திருக்கிறாள். அப்புறம் வெற்றிலை. அப்புறம் பேச்சு. நடுவில் யாரும் இல்லாமல் பேச்சு. எனக்கு இது எதுவும் தெரியாது. என் இரண்டு குப்பத்தில் எனக்குத் தெரியாமல் ஒன்று நடந்தது அதுதான் முதல் தடவை.

போன மாசியில் சடையன் ஆள் அனுப்பினான். போனேன். அவனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பெண்கள் பேசி முடித்துவிட்டார்கள், ஆதியம்மாள் மன்னித்துவிட்டாள் என்றான். மாசி மகத்துக்கு முதல் நாள் காலையில் தெற்குக் குப்பத்துக்குப் போய் அவளுக்குப் புடவையும் தேங்காய், வெற்றிலையும் தட்டில் வைத்துக் கொடுப்பது. மறுநாள் இரண்டு குப்பமும் ஒன்றாக மாமல்லபுரம் கடலில் முழுகுவது. அதோடு கட்டுப்பாடு தீர்ந்தது. இதை அவளே காத்தவராயனிடம் சொல்ல முடியாது. சந்தையில் பேசினதே தப்பு என்று அவன் குதிப்பான்.

"அவன் உங்க வாய்க்குத்தான் கட்டுப்படுவான் அண்ணாத்த," என்றான் சடையன். "இந்த ஒரு வாட்டி சொல்லிட்டு வந்துடுங்க. அப்பால உங்களுக்கு அலைச்சலே கெடையாது. எவ்ளோ நாளுதான் இந்த மணல்ல நடந்துகினு கீறது, பாவம்."

பாவம் என்றான். என்னை.

நான் நிதானமாகத்தான் பேசினேன். மண்ணை மிதிக்காமல் போவதே மரியாதை, கடல் வழியாக ஒரே கட்டுமரத்தில் மூன்று பேர் மட்டும் போங்கள், அவர்கள் கூப்பிட்ட பிறகு இறங்குங்கள் என்றேன். நல்ல யோசனை என்றான். துடுப்பில் ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டிப் பிடித்தால் தூரத்திலேயே தெரியும் என்று அவனே சொன்னான். நான் தலையசைத்தேன்.

அன்று மத்தியானமே காத்தவராயனைப் பார்த்தேன். மகத்துக்கு முதல் நாள் காலையில் சடையன் ஆட்கள் கடல் வழியாக வந்து உங்கள் வலைகளை அறுக்கப் போகிறார்கள், முன்னால் ஒரு கட்டுமரம் வரும், துடுப்பில் வெள்ளைத் துணி தெரிந்தால் அது பின்னால் வருகிறவர்களுக்கு அடையாளம் என்றேன். அந்தத் துணி விஷயம் மட்டும் நான் வழியில் யோசித்து வைத்தது. மற்றதெல்லாம் பேசும்போது தானாக வந்தது. ஆதியம்மாளிடம் அதற்கு முந்தின நாள் சாயங்காலம், சந்தை கலைந்த பிறகு, நாளைத் தள்ளிவைத்திருக்கிறார்கள், மகம் கழித்து வருவார்கள், நீ வழக்கம்போலச் சந்தைக்குப் போ என்றேன். அவள் முகம் வாடிப்போனது. காத்தவராயன் பெண்களிடம் சண்டை விஷயம் பேசுகிறவன் இல்லை. அது எனக்குத் தெரியும். எந்த வார்த்தை எந்த வீட்டுக்குள் நுழையும், எது வாசலிலேயே நிற்கும் என்பதுதானே என் வேலை.

அன்று காலை நான் திருவிடந்தையில் இருந்தேன். கல்யாணம் தள்ளிப்போகிற ஒரு பையனை அழைத்துவந்து கோயிலைச் சுற்றவைத்தேன். பிறகு வெளியே வந்து இட்லி சாப்பிட்டோம். அங்கே சட்னிக்குப் புது மிளகாய் போடுகிறார்கள், நன்றாக இருக்கும். கடல் மேல் பனி இன்னும் கலையவில்லை. இரண்டாவது காபி குடிக்கும்போது சைக்கிளில் ஒருவன் வந்து சொன்னான்.

மரத்தில் போன மூன்று பேரில் ஒருவன் நீந்தித் தப்பினான். அவன் சொன்னதைத்தான் சொல்கிறேன். கரையில் கூட்டத்தைப் பார்த்ததும், வரவேற்க வந்திருக்கிறார்கள் என்று சடையன் சிரித்திருக்கிறான். இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி, புடவை நனையக் கூடாதென்று தட்டை இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்திருக்கிறான். அதனால் முதல் அடியைத் தடுக்க அவனிடம் கை இல்லை. செல்வராஜ் மாமனாரைத் தூக்கக் குனிந்தான். அவனும் எழுந்திருக்கவில்லை. வச்சலாவுக்கு அப்போது ஆறு மாசம்.

நீங்கள் என் முகத்தைப் பார்க்கிறீர்கள். நான் அடிக்கவில்லை, ஐயா. துடுப்பைப் பிடித்த கைகள் வேறு. காத்தவராயன் கேட்கலாமே, ஏன் வந்தாய் என்று சடையனிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே. பத்தடி தூரம். ஏழு வருஷமாக என் வழியாகவே பேசியதால் கேட்கத் தோன்றவில்லை என்றால் அதற்கு நான் என்ன செய்ய? தெய்வமே தூது போன தேசம் இது. அந்தத் தூதும் சண்டையில்தான் முடிந்தது. கோயில் கட்டினார்கள்.

அடுத்த பத்து நாள் நான் வேலை செய்ததைப்போல எவனாலும் செய்ய முடியாது. வடக்கில் அறுபது பேர் அரிவாளோடு தோப்பில் நின்றார்கள். செல்வராஜின் உடம்பு தெற்குப் பக்கமே ஒதுங்கியிருந்தது. நான் ஒருவனாக நடுவில் நடந்தேன். உடம்பை வாங்கிக் கொடுத்தேன். காத்தவராயனைப் போலீசிடம் ஒப்புக்கொள்ள வைத்தேன். அரிவாளைக் கீழே போடவைத்தேன். தோப்பைத் தாண்டுவதற்குள் நாற்காலி வந்தது. வச்சலா தானே எழுந்து வந்து தண்ணீர் கொடுத்து, "நீங்க இல்லன்னா இங்க ஒரு ஆம்பளையும் உயிரோட இருக்க மாட்டான், பெரீப்பா" என்றாள். அந்தப் பெண் சொன்னது பொய்யா? பொய் இல்லையே.

பதினோராம் நாள் நான் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். தோப்புப் பக்கம் கூச்சல் கேட்டது. ஆதியம்மாள் எல்லையைத் தாண்டி வந்துகொண்டிருந்தாள். தனியாக. கையில் ஒரு புடவை. அலையில் ஒதுங்கியதை எடுத்து அலசி மடித்திருந்தாள். ஆண்கள் துடுப்போடு எழுந்தார்கள். ஜெகதாம்பாள் உள்ளேயிருந்து வந்து, வுடுங்க அவளை என்றாள்.

இரண்டு பேரும் மணலில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். அழவில்லை. சந்தையில் கூறு கட்டுகிறவர்கள்போல ஒவ்வொரு வார்த்தையாக எடுத்து வைத்தார்கள். உனக்கு எந்த நாள் சொன்னான், எனக்கு எந்த நாள் சொன்னான். துணிக்கு உன்கிட்ட இன்னா சொன்னான், அங்க இன்னா சொன்னான். நான் எழுந்து போயிருக்கலாம். போகவில்லை. என்னை விட்டுவிட்டு என் முன்னாலேயே பேசுகிறார்களே என்றுதான் எனக்கு இருந்தது.

பிறகு ஆதியம்மாள் என் பக்கம் திரும்பினாள்.

"எங்க மச்சாண்டாரை ஜெயில்ல பாத்துட்டுதான் வரேன். கம்பியைப் புடிச்சிகினு அழுவுறாரு. நீ சொன்னதை அப்பிடியே சொன்னாரு. இப்ப நீ சொல்லு. உனக்கு நாங்க இன்னா கொறை வெச்சோம்?"

நான் வேட்டி மடிப்பைச் சரிசெய்துகொண்டேன்.

"ஏதாவது கேட்டியா? கேட்டிருந்தா குடுத்திருப்போமே," என்றாள் ஜெகதாம்பாள்.

இதுதான் அவர்களுக்குப் புரியவில்லை. கேட்டு வாங்குவது தரகு. கேட்காமல் வர வேண்டியது மரியாதை. அதை வச்சலாவின் முகத்தைப் பார்த்துச் சொல்லலாம் என்று நிமிர்ந்தேன். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பிவிட்டாள்.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். சமாதானச் சேதியைச் சண்டைச் சேதியாக மாற்றிச் சொன்னது நான். நாளை மாற்றி ஆதியம்மாளை அப்புறப்படுத்தியது நான். வெள்ளைத் துணிக்கு வேறு அர்த்தம் சொல்லிக் கொடுத்தது நான். இரண்டு உயிர் போகும் என்று தெரியுமா என்று கேட்டீர்கள். ஒன்று போகும் என்று தெரியும். இரண்டாவதை நான் எதிர்பார்க்கவில்லை. அந்தப் பையனை நானே தேடிப் பிடித்தவன். யாரும் என்னைத் தூண்டவில்லை, குடித்திருக்கவில்லை, எனக்குப் பைத்தியமும் இல்லை. திரும்பவும் அந்த மணலில் என்னைப் பார்த்துப் பாவம் என்று ஒருவன் சொன்னால், திரும்பவும் அப்படித்தான் செய்வேன்.

ஆனால் ஒன்று. ஜன்னல் வழியாகப் பாருங்கள். வேப்பமரத்தடியில் இரண்டு குப்பத்து ஜனமும் நிற்கிறது. ஒரே லாரியில் வந்திருக்கிறார்கள், எனக்கு எதிராக ஒரே மனுவில் கைநாட்டு வைக்க. ஏழு வருஷமாக எந்த அதிகாரியாலும் முடியாதது இது. யாரால் நடந்தது என்று சற்று யோசித்துப் பாருங்கள். ஆதியம்மாள் தூக்குவாளியிலிருந்து கஞ்சி ஊற்றுகிறாள், வடக்குக்காரன் ஒருவன் இரண்டு கையாலும் வாங்கிக் குடிக்கிறான். வச்சலாவைத் தெற்குப் பெண்கள் நடுவில் உட்காரவைத்து விசிறுகிறார்கள்.

இப்போது சிரிக்கக்கூடச் செய்கிறார்கள். இதெல்லாம் கொஞ்ச நேரம்தான், ஐயா. மனுவில் முதல் கைநாட்டு யாருடையது என்று வரட்டும், உடனே முறைத்துக்கொள்வார்கள். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைக் காட்டுங்கள், போடுகிறேன். போட்ட பிறகும் இந்த ஜன்னலோரமாகவே உட்கார்ந்திருக்கிறேன். அவர்களுக்குள் நேராகப் பேசிக்கொள்ளத் தெரியாது, எப்படியும் என்னைக் கூப்பிட ஆள் அனுப்புவார்கள்.